கோஸ் தீவில் இரண்டாவது முறை

2025 செப்டெம்பரில் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ரீச்சர் எங்களைக் கண்டதும் சந்தோஷமாகச் சொன்னார்: “கோடை விடுமுறையில் கடலுக்குப் போன கதையை உங்கள் மகள் வகுப்பில் எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா? நண்டு பிடித்தாளாம். அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாராம்.”

நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த வருடம் நாங்கள் போன மிகத் தூரமான இடம் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த்திருவிழாதான். ரீச்சருக்கு முன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஓம், ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

வழியில் மனைவி கேட்டாள், “ஏன் பிள்ளை பொய் சொன்னனீங்கள்?”

“எல்லாப் பிள்ளையளும் எங்கையோ போனவையாம் அம்மா. நான் மட்டும் வீட்டிலை இருந்தனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நான் பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ற் வேலை செய்கிறேன். வந்த நாளிலிருந்து உர்லாப் என்றால் எனக்கு இன்னொரு இடத்தில் துப்புரவு வேலைக்குப் போவதற்கான நாட்கள். சம்பளத்தோடு வரும் விடுமுறை ஓய்வுக்கென்றே தரப்படுவது, அந்த நாட்களில் அதற்கு மாறாக வேறு வேலை செய்யக்கூடாது என்று ஜேர்மன் சட்டத்திலேயே இருப்பது எனக்குக் கனகாலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். ஊரில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை, தங்கச்சியின் கலியாணம், இங்கே கட்டவேண்டிய சீட்டு என்று ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டே இருந்தது. வேலைத்தலத்தில் “உர்லாப்புக்கு எங்கே போனாய்?” என்று கேட்டால் “வீட்டில்தான்” என்று சிரித்து மழுப்புவேன். அப்பன் மழுப்பினான், மகள் கதை கட்டினாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் கிழமையே என்னோடு வேலை செய்யும் துருக்கி நண்பர் ஒருவர் தனது தொலைபேசியில் மலிவான பயணங்களைத் தேடிக் காட்டினார். மத்தியதரைக்கடல் பக்கத்து விடுதிகள் பல ஒக்டோபர் முடிவோடும் நவம்பர் முதற் கிழமையோடும் மூடிவிடும். அதனால் கடைசிக் கிழமைகளில் விலை இறங்கும். எங்கள் மாநிலத்தின் இலையுதிர்கால விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. ஒக்டோபர் 18 சனிக்கிழமை போய் 25 சனிக்கிழமை திரும்புவது. மூன்று பேருக்கும் விமானம், அறை, காலை இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,480 யூரோ. பட்டியலில் எல்லாவற்றிலும் மலிவானது அதுதான். இடத்தின் பெயரைப் பார்த்தேன். கோஸ், கிரேக்கம்.

நண்பர் “என்ன, கடலுக்குப் பயமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கோஸ் என்ற பெயரைப் பத்து வருடமாக நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிரேக்கத்தால் வந்தவன் என்பது மனைவிக்குத் தெரியும். எந்தத் தீவு, எப்படி வந்தேன் என்று நான் சொன்னதில்லை. வழியைப் பற்றி ஒருவரிடமும் வாய்திறக்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மனைவிக்கு வேறு கவலை. “இஞ்சருங்கோ, 22ஆம் திகதி கந்தசஷ்டி தொடங்குது. நான் விரதம். காசு கட்டின சாப்பாட்டை ஆர் சாப்பிடுறது? அந்தக் காசை ஊருக்கு அனுப்பினா மாமி ஒரு கிணறு இறைக்கிற மெசின் வாங்குவா.”

“இந்த ஒருக்கா போவம். நீர் பிள்ளையின்ரை முகத்தைப் பாரும்” என்றேன். அவள் அதற்குமேல் மறுக்கவில்லை.

*

டுசில்டோர்பிலிருந்து கோஸுக்கு மூன்றரை மணித்தியாலம். என்னுடைய நீலநிறப் பயணப் புத்தகத்தை, அதுதான் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி தரப்படும், மேல் மூலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட புத்தகத்தை, சட்டைப்பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோஸில் இறங்கியபோது ஒருவரும் என்னை மறிக்கவில்லை. விடுதியில் முன்மேசைப் பிள்ளை புத்தகத்தை வாங்கி, இலக்கத்தை எழுதிவிட்டுச் சிரித்தபடி திருப்பித் தந்தாள். அறையின் திறப்பைக் கையில் வாங்கியபோது எனக்குக் கை நடுங்கியது. மனைவி குளிர் என்று நினைத்திருப்பாள். வெளியே 23 பாகை வெயில்.

விடுதி நகருக்கு வடக்கே லம்பி என்ற கடற்கரையில் இருந்தது. கடைசிக் கிழமை விடுதி, ஊரில் திருவிழா முடிந்த கோவில் வீதியைப் போல இருந்தது. பாதி அறைகள் பூட்டியிருந்தன. சாய்மனைக் கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள். தெருவில் கடைக்காரர்கள் நீச்சல் உடைகளையும் தொப்பிகளையும் பாதி விலைக்கு விற்றுக்கொண்டே பெட்டி கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு மேசை குறைந்தது. பூனைகள் மட்டும் குறையவில்லை.

ஆனாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடை முழுக்கச் சூடேறிய கடல் ஒக்டோபரிலும் இளஞ்சூடாகவே இருந்தது. ஆனி, ஆடியில் அடிக்கும் பெருங்காற்று நின்றுவிட்டது. நகரம் தட்டையான தரையில் இருப்பதால் சைக்கிள் பாதைகள் போட்டிருக்கிறார்கள். இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். மனைவி சைக்கிள் ஓடியது கிளிநொச்சியில் பள்ளிக்கூடம் போன காலத்தில். முதல் ஐந்து நிமிடம் தடுமாறினாள். பிறகு எங்களை விட்டுவிட்டு முன்னாலே போய்விட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ நாள்.

நகரத்தின் நடுவில் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் ஒரு பெருமரம் நிற்கிறது. அவர் பிறந்தது இந்தத் தீவில்தான். அவர் மரநிழலில் இருந்து மாணவர்களுக்குப் படிப்பித்தார் என்பது ஊர்க்கதை. அவர் காலம் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தியது. இப்போதுள்ள மரத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு வயதுதான் இருக்கும் என்கிறார்கள். நம்முடைய தலவிருட்சங்களைப் போல, மரம் மாறினாலும் இடத்தின் பெயர் மாறவில்லை. பக்கத்துக் கடையில் ‘கனெலாடா’ என்று ஒரு குளிர்பானம் குடித்தோம். இந்தத் தீவுக்காரர் கறுவாவில் செய்வது. மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டு, “எங்கட வீட்டுக் குசினி மணக்குது” என்றாள்.

அந்த மரத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி பொலிஸ் நிலையம் இருக்கிறது. அதைக் கடக்கும்போது நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன். மகள் “அப்பா, ஏன் ஓடுறீங்கள்?” என்றாள்.

*

அறை துப்புரவாக்க வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா. நல்ல ஜேர்மன் பேசினார். அவரைக் கண்டதும் நான் படுக்கை விரிப்பை மடிக்கத் தொடங்கிவிட்டேன். “விடுங்கள், இது என் வேலை” என்றார். “நானும் இந்த வேலை செய்கிறவன்தான், பார்த்துக்கொண்டிருக்க ஏலாது” என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தலையணை உறைகளை என்னிடம் நீட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் கதைப்போம்.

அவர் வடகிரேக்கத்தில் தெசலோனிக்கிக்குப் பக்கத்துக் கிராமத்தவர். சித்திரையில் தீவுக்கு வந்தால் விடுதி மூடும்வரை வேலை. பருவம் உச்சத்தில் இருக்கும்போது ஓய்வுநாள் கிடைப்பதே அரிது. குளிர்காலத்தில் வேலை இல்லை. அரசாங்கத்தின் வேலையற்றோர் கொடுப்பனவு சில மாதங்களுக்குத்தான். மிச்சத்தைச் சேமித்த காசில் ஓட்டவேண்டும். அவருடைய தகப்பனார் 1960ஆம் ஆண்டு ஜேர்மனியும் கிரேக்கமும் செய்த தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பிறகு ஜேர்மனிக்கு வந்து இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஜேர்மன் மொழி அப்படி வந்தது. “அவருக்கு முன்னால் என் பாட்டி” என்று கடல் பக்கம் கையை நீட்டினார். “அவள் அந்தக் கரைப் பக்கத்தவள். 1922இல் ஒரு மூட்டையோடு வந்தாள்.”

அந்த வரலாறு எனக்கு முன்பு தெரியாது. 1922இல் நடந்த போருக்குப் பிறகு, 1923இல் லோசான் நகரில் செய்த உடன்படிக்கையின்படி துருக்கியிலிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களையும் கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களையும் இரு நாடுகளும் மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ 12 லட்சம் கிரேக்கர் அந்தக் கரையை விட்டு வந்தார்கள். இந்தப் பக்கமிருந்து நான்கு லட்சம் வரையானவர்கள் அங்கே போனார்கள். கோஸ் தீவு அப்போது இத்தாலியின் கையில் இருந்ததால் இங்குள்ள முஸ்லிம்கள் போகவேண்டி வரவில்லை. நகருக்கருகே பிளாதானி என்ற ஊரில் அவர்களுடைய சந்ததி இன்றும் வாழ்கிறது.

“பாட்டி சாகும்வரை வீட்டுத் திறப்பை வைத்திருந்தாள்” என்றார் அந்த அம்மா. எங்கள் வீட்டுத் திறப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை மனைவி விரதம் தொடங்கினாள். காலைச் சாப்பாட்டு மேசையில் வெறும் தண்ணீரோடு இருந்தவளைப் பார்த்துப் பரிமாறுகிற பொடியன் சுகமில்லையோ என்று கேட்டான். விரதம் என்று நான் விளங்கப்படுத்தினேன். “நிஸ்தீயா!” என்றான். அவர்களுடைய சமயத்திலும் இறைச்சி, பால், முட்டை விலக்கி நாற்பது நாள் விரதம் பிடிக்கும் வழக்கம் உண்டாம். அன்றிரவு குசினிக்குள்ளிருந்து அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு வந்தது. தக்காளியில் அவித்த வெண்டைக்காய், பெரிய வெள்ளைப் பயற்றங்கொட்டை, சோறு. மறுநாளும் வந்தது, கடைசி நாள்வரை வந்தது. காசு கட்டிய சாப்பாடு வீணாகிறது என்ற கதையை மனைவி பிறகு எடுக்கவில்லை.

*

இத்தனை நாளும் நான் கடலுக்குள் இறங்கவில்லை. மணலில் இருந்தேன், மகளுக்கு வாளி நிறையத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், கணுக்காலுக்கு மேல் நனையவிடவில்லை. “அப்பா, தோளிலை வைச்சுக்கொண்டு போங்கோவன்” என்று அவள் கேட்கும்போதெல்லாம் “நாளைக்கு” என்றேன்.

வியாழக்கிழமை இரவு சாப்பிட்டபின் கரையில் இருந்தோம். எதிரே கடலுக்கு அப்பால் வரிசையாக விளக்குகள். மகள் கேட்டாள், “அது என்ன ஊர் அப்பா?”

“பொட்ரும். துருக்கி.”

“நாங்கள் அங்கையும் போவமா?”

கோஸ் துறைமுகத்திலிருந்து பொட்ருமுக்கு நாளாந்தம் கப்பல் ஓடுகிறது. காலையில் போய் மாலையில் திரும்பும் உல்லாசப் பயணிகள் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நான் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. “நான் அங்கையிருந்துதான் வந்தனான்” என்றேன்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்கு விளங்கும் அளவுக்கு.

2015 ஜூலைக் கடைசி. அந்தக் கரையில் ஒரு பற்றைக்குள் இரண்டு இரவு ஒளித்திருந்தோம். ஏஜென்சிக்காரன் என்னிடம் வாங்கியது 1,100 டொலர். றபர் படகில் முப்பத்தேழு பேர். படகோட்டத் தெரியாத ஒருவனின் கையில் மோட்டாரைக் கொடுத்து, அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் போ என்று தள்ளிவிட்டார்கள். நடுக்கடலில் மோட்டார் நின்றது. தண்ணீர் முழங்கால்வரை ஏறியது. சிரியாப் பெண்கள் அல்லாவைக் கூப்பிட்டார்கள். நான் முருகனைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலம் கழித்து மோட்டார் திரும்பப் பிடித்தது. விடியும்போது இந்தத் தீவின் கல்லுக் கரையொன்றில் இறங்கினோம். ஒரு விடுதியின் முன்னால். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குடைகள், காலைச் சாப்பாட்டு மேசைகள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தது. அந்தத் தாய் எழுந்து வந்து ஒரு போத்தல் தண்ணீரை வேலிக்கு மேலால் நீட்டினாள். நான் வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பிறகு பதினொரு இரவு நான் படுத்ததும் ஒரு விடுதியில்தான். நகருக்கு வெளியே, மூடிப் பாழடைந்த கட்டடம். தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் என்று பல நாட்டவர் நிலத்தில் பழைய மெத்தைகளைப் போட்டுப் படுத்திருந்தோம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வந்து காலிலிருந்த புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். பகலில் துறைமுகப் பொலிஸ் நிலையத்தின் முன் வெயிலில் வரிசை. கடதாசி கிடைத்ததும் பிரேயஸுக்குக் கப்பல், பிறகு மசிடோனியா, சேர்பியா என்று நடை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் எட்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடலால் கிரேக்கத்துக்கு வந்தார்கள். நான் ஜேர்மனியில் முகாமுக்கு வந்துசேர்ந்த பிறகுதான், செப்டெம்பர் 2ஆம் திகதி அலன் குர்தி என்ற இரண்டு வயதுக் குழந்தை துருக்கிக் கரையில் ஒதுங்கிய படத்தைப் பார்த்தேன். பொட்ருமிலிருந்து கோஸுக்குப் புறப்பட்ட படகு அது. அன்றிலிருந்து கோஸ் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.

மனைவி ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கனநேரத்துக்குப் பிறகு, “இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?” என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். நியாயமான கோபம்.

மகள் மட்டும் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்பவும் ஆக்கள் அப்பிடி வருகினமா?”

வருகிறார்கள். துப்புரவு செய்யும் அம்மாவிடம் நான் அதைக் கேட்டிருந்தேன். 2015இல் போல இப்போது நகர வீதியில் ஒருவரும் படுத்துக்கிடப்பதில்லை. பிலி என்ற ஊருக்கருகே 2021 நவம்பரில் திறந்த, வேலி போட்ட நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உல்லாசப் பயணிகளின் கண்ணில் அவர்கள் படுவதில்லை. கரையில் குடைக்குக் கீழே படுத்திருக்கும் நானும் இப்போது அந்தப் பயணிகளில் ஒருவன். அந்த நினைவு எனக்கு முள்ளாகத்தான் குத்தியது, இன்னும் குத்துகிறது.

வெள்ளிக்கிழமை காலை மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தண்ணீர் இளஞ்சூடாக, அடி மணல் தெரியும்படி தெளிவாக இருந்தது. மகள் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மனைவி கரையில் நின்று படம் எடுத்தாள். நண்டு மட்டும் அகப்படவில்லை.

*

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தை. தஞ்ச விசாரணை முடியாதவர்கள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஆசைப்பட்டு வழக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீலப் புத்தகம் கிடைத்தவர்கள் அதன் திகதியையும் வதிவிட அட்டையின் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகம் நம்முடைய ஊருக்குப் போகச் செல்லாது. துருக்கி போன்ற நாடுகளுக்குத் தனி விசா வேண்டியிருக்கும், எனவே பக்கத்தில்தானே என்று கப்பலேறிவிட வேண்டாம். கிரேக்க விடுதிகளில் கட்டிய காசுக்கு மேலாக அறைக்கு ஓர் இரவுக்கென்று ஒரு வரி கேட்பார்கள். எங்கள் மூன்று நட்சத்திர விடுதியில் அது 5 யூரோ. ஜேர்மன் சுகாதாரக் காப்புறுதி அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை, அதையும் கொண்டுபோங்கள். உர்லாப் என்பது முதலாளி தரும் தயவு அல்ல. உழைத்தவனுக்குச் சட்டம் தந்த உரிமை. ஊருக்கு அனுப்பும் காசை நிறுத்தச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் ஒரு கிழமை பிள்ளையோடு இருப்பதற்காக ஒருவரும் உங்களைக் குற்றம் சொல்லமாட்டார்கள். நான் திரும்பி வந்து அம்மாவுக்குப் பயந்து பயந்து சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளை கடல் குளிச்சவளோ?”

நவம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து ரீச்சர் தொலைபேசி எடுத்தார். இம்முறை குரலில் தயக்கம். “உங்கள் மகள் விடுமுறையைப் பற்றி வகுப்பில் ஒரு கதை சொன்னாள். இரவில், ஒரு றபர் படகில் அப்பா வந்தாராம். அதே கடலில் அப்பாவின் தோளில் தான் இருந்தாளாம். மன்னியுங்கள், கேட்கவேண்டியிருக்கிறது. இது உண்மையா?”

“உண்மை” என்றேன். “எல்லாமே உண்மை.”